லாக்கில் ‘சுத்தம்’ என்று பதிவான கோப்பு: ஒரு கேட்வே ஸ்கேன் அமைப்பின் நிகழ்வு ஆய்வு

காலை பத்தரை மணி இருக்கும். கணக்குப் பிரிவிலிருந்து ஒரு சக ஊழியர் அழைத்தார். லேப்டாப்பில் சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கிறது, ஏதோ ஒரு நிரலைத் தடுத்துவிட்டதாகக் காட்டுகிறது, அடுத்து என்ன செய்வது என்று கேட்டார். வைஃபையை அணைத்துவிட்டு, வேறு எதையும் தொடாமல் அப்படியே வைத்திருக்கச் சொன்னோம். நேரில் போனபோது அவர் சொன்ன ஒரு வரி எனக்கு இன்னும் உறுத்துகிறது: “நம்ம கேட்வே பார்த்து அனுப்பின ஃபைல்தானே சார், அந்தத் தைரியத்தில்தான் திறந்தேன்.”

அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. உள்ளே வருகிற கோப்புகளையெல்லாம் கேட்வே, அதாவது அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் சர்வர், ஸ்கேன் செய்துவிடும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தது நாங்கள்தான். லேப்டாப்பில் இருந்த ஆன்டிவைரஸ், நிரல் ஓடத் தொடங்கிய நொடியில் அதன் நடத்தையைப் பார்த்து நிறுத்தியிருக்கிறது. லேப்டாப்பை முழுதாக அழித்து மறுபடி நிறுவினோம், அவருடைய கடவுச்சொற்களை மாற்றினோம், மற்ற கணினிகளில் அதே கோப்பு இருக்கிறதா என்று தேடினோம். இல்லை. அந்தப் பகுதி மாலைக்குள் முடிந்துவிட்டது.

முடியாதது வேறொன்று. கேட்வேயின் லாக்கில், அதாவது நடந்ததையெல்லாம் அது குறித்துவைக்கும் பதிவேட்டில், அந்தக் கோப்பின் முகவரி, நேரம், அளவு எல்லாம் இருந்தன. பக்கத்திலேயே ஸ்கேன் முடிவும் இருந்தது: சுத்தம்.

அமைப்பு

எங்கள் கேட்வே ஸ்குவிட் ப்ராக்ஸியின் (பயனருக்கும் இணையத்துக்கும் இடையே நின்று கோப்புகளை வாங்கித் தரும் மென்பொருள்) மேல் நாங்களே கட்டியது. பயனர் பக்கத்தில் ப்ராக்ஸி என்று எதுவும் அமைக்கத் தேவையில்லை. போக்குவரத்தை ஃபயர்வால் தானாகவே அதற்குத் திருப்பிவிடும். எச்டிடிபிஎஸ் இணைப்புகளை அது பிரித்துப் பார்க்கும். அதற்கான எங்கள் சான்றிதழ் எல்லா அலுவலகக் கணினிகளிலும் நிறுவப்பட்டிருக்கிறது. இது இல்லாமல் கேட்வேயில் மால்வேர் (தீங்கு நிரல்) ஸ்கேன் வைப்பதில் பெரிய பயன் கிடையாது. இன்றைக்கு ஏறக்குறைய எல்லாப் பதிவிறக்கமும் டிஎல்எஸ் என்ற குறியாக்க உறைக்குள்தான் வருகிறது, உறையைப் பிரிக்காத கேட்வேக்கு உள்ளே இருப்பது தெரியாது.

பிரித்த பிறகு, சர்வரிலிருந்து வரும் பதிலை ஸ்குவிட் ஐகேப் என்ற நெறிமுறை வழியாக ஸ்கேனருக்கு அனுப்பும். 2003இல் ஆர்எஃப்சி 3507 ஆக வெளிவந்த நெறிமுறை அது, வழக்கமான போர்ட் 1344. அந்தப் பக்கம் ஐகேப் கோரிக்கைகளை வாங்கும் சி-ஐகேப் சர்வர், அதன் பின்னால் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸின், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கேன் நிரலான கிளாம்டி. கோப்பில் மாற்ற எதுவும் இல்லையென்றால் ஐகேப் 204 என்று பதில் தரும், ஸ்குவிட் கோப்பை அப்படியே பயனருக்கு விட்டுவிடும். வைரஸ் இருந்தால் கோப்புக்குப் பதிலாக ஒரு தடுப்புப் பக்கம் போகும்.

கிளாம்ஏவி பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கீழே வரும் தவறுகள் எதுவும் அதன் தவறு அல்ல. அது எப்படி நடந்துகொள்ளும் என்று அதன் ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அதைப் படித்து எங்கள் தேவைக்கு அமைக்காதது நாங்கள்.

தேடல்

முதலில் எங்களுக்குத் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுவதுதான்: புதிய மால்வேராக இருக்கும், சிக்னேச்சர் (அதை அடையாளம் காட்டும் குறிப்பு) இன்னும் வந்திருக்காது. அப்படி எழுதி விஷயத்தை முடித்திருக்கவும் முடியும். நல்லவேளையாக, எங்கள் குழுவில் ஒருவர் அந்தக் கோப்பை ஸ்கேனர் சர்வரிலேயே கையால் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார்.

வந்தது ஒரு ஜிப் கோப்பு, சுமார் 700 கேபி. ஒரு பில் மாதிரி பெயர் வைத்திருந்தார்கள். மெயிலில் இணைப்பாக வராமல் சுட்டியாக வந்ததால் மெயில் ஸ்கேனர் அதைப் பார்க்க வழியில்லை. ஜிப்பைத் தனியாக ஒதுக்கிய கணினியில் விரித்தபோது உள்ளே ஒரே ஒரு ஈஎக்ஸ்ஈ. அதன் அளவு 600 எம்பிக்கு மேல்!

அதை கிளாம்ஸ்கேன் கட்டளையில் கொடுத்தோம். பதில்: ஓகே. ஆனால் கீழே வரும் சுருக்கத்தில் ஒரு வரி இருந்தது. நாங்கள் யாரும் அதுவரை நின்று படிக்காத வரி: ஸ்கேன் செய்த தரவு, 0.00 எம்பி.

600 எம்பி கோப்பு, ஸ்கேன் செய்தது பூஜ்யம், முடிவு ஓகே. நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஈஎக்ஸ்ஈயின் வால் பகுதியைத் திறந்து பார்த்தோம். முழுக்க பூஜ்ய பைட்டுகள். அவற்றை வெட்டி எறிந்துவிட்டு மீதியை மட்டும் ஸ்கேனுக்குக் கொடுத்தபோது, ஒரு நொடிக்குள் மால்வேரின் பெயரைச் சொல்லித் தடுத்தது. சிக்னேச்சர் எங்களிடம் முன்பே இருந்திருக்கிறது.

காற்றடைத்த கோப்பு

இந்த உத்தி புதியதல்ல. தாக்குதல் உத்திகளைத் தொகுத்து வைக்கும் மிட்டர் அட்டாக் பட்டியலில் டி1027.001 என்ற எண்ணில், பைனரி பேடிங் என்ற பெயரில் இருக்கிறது. 2023 மார்ச்சில் எமோடெட் என்ற மால்வேர் மறுபடி தலைகாட்டியபோது, 500 எம்பிக்கு மேல் ஊதவைத்த வேர்ட் ஆவணங்களைச் சிறிய ஜிப்களில் அடைத்து அனுப்பியது. ஸ்கேனர்கள் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு வரம்பு இருக்கும், அதைத் தாண்டினால் பல இடங்களில் பார்க்காமலே விட்டுவிடுவார்கள் என்பது அனுப்புகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஊதிய கோப்பை அனுப்புவது கடினமாக இருக்காதா என்றால், இருக்காது. ஜிப்பில் வழக்கமாகப் பயன்படும் டிஃப்லேட் முறை, ஒரே பைட் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் ஏறக்குறைய 1,032க்கு 1 வரை சுருக்கும். அதனால்தான் 600 எம்பி பூஜ்யங்கள் 600 கேபியாகி, சாதாரண பில் போல வந்து சேர்ந்தன. வெளியே சிறியதாக இருந்ததால் கேட்வேயின் பதிவிறக்க வரம்பு எதையும் அது தொடவில்லை. விரித்த பிறகுதான் வரம்பைத் தாண்டியது.

கிளாம்ஏவியில் இதற்குப் பல வரம்புகள் உண்டு. மேக்ஸ்ஃபைல்சைஸ் ஒரு தனிக் கோப்புக்கானது, 0.105 பதிப்பிலிருந்து இயல்பு மதிப்பு 100 எம்பி, அதற்கு முன் 25. மேக்ஸ்ஸ்கேன்சைஸ் ஜிப் போன்ற ஒரு பொதிக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து, இப்போது 400 எம்பி. ஸ்கேன் நேரத்துக்கு 120 வினாடி. பொதிக்குள் பொதி எத்தனை ஆழம் போகலாம் என்பதற்கும் ஒன்று இருக்கிறது. இவை தேவையில்லாத கெடுபிடிகள் அல்ல. 42 கேபி மட்டுமே இருந்து, விரித்தால் 4.5 பெட்டாபைட் ஆகும் 42.ஜிப் போன்ற கோப்புகளிடமிருந்து ஸ்கேனரைக் காப்பாற்றுவதே இந்த வரம்புகள்தான். எனவே வரம்பை எடுத்துவிடுவது தீர்வாகாது.

கேள்வி, வரம்பைத் தாண்டினால் என்ன பதில் வருகிறது என்பதுதான். இயல்பாக வருவது ஓகே. அலர்ட்எக்ஸீட்ஸ்மேக்ஸ் என்ற அமைப்பை ‘எஸ்’ என்று மாற்றினால்தான் ‘ஹியூரிஸ்டிக்ஸ்.லிமிட்ஸ்.எக்ஸீடட்’ என்று தொடங்கும் ஒரு பெயருடன் கண்டுபிடிப்பாக அறிவிக்கும். எங்கள் அமைப்புக் கோப்பில் அந்த வரி கருத்துரையாகவே, முன்னால் ஒரு ‘#’ குறியோடு, நிறுவிய நாளிலிருந்து இருந்தது.

அதாவது, ‘பார்த்தேன், ஒன்றும் இல்லை’ என்பதற்கும் ‘பார்க்கவே இல்லை’ என்பதற்கும் எங்கள் லாக்கில் ஒரே சொல்தான் இருந்தது. இதைப் புரிந்துகொண்டதும் எங்களுக்கு வேறொரு பயம் வந்தது. ‘பார்க்கவே இல்லை’ என்பது இந்த ஒரு வழியில் மட்டும்தான் நடக்கிறதா?

பார்க்காமல் போன மற்ற வழிகள்

இரண்டு நாள் உட்கார்ந்து, ஒரு கோப்பு ஸ்கேனரைத் தொடாமல் பயனரிடம் போய்ச் சேரக்கூடிய வழிகளை எல்லாம் தேடினோம். மோசமானது நினைவகப் பிரச்சினை.

கிளாம்டி தன் சிக்னேச்சர்களை எல்லாம் நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொள்ளும், அதற்கே 1 ஜிபிக்கு மேல் ஆகும். 0.103 பதிப்பிலிருந்து, புதுப்பிப்பு வரும்போது பழைய தொகுப்பை வைத்துக்கொண்டே புதியதைப் பக்கத்தில் ஏற்றி, பிறகு மாற்றிக்கொள்ளும். ஸ்கேன் நிற்காமல் நடக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த இடைவெளியில் நினைவகம் இரு மடங்கு வேண்டும். எங்கள் ஸ்கேனர் சர்வருக்குக் கொடுத்திருந்தது 2 ஜிபி. லினக்ஸ் கர்னல் லாக்கைத் திறந்தபோது, சிக்னேச்சர் புதுப்பிப்பு நேரங்களையொட்டி நினைவகம் தீர்ந்து கிளாம்டியைக் கொன்ற வரிகள் வரிசையாக இருந்தன. சேவைகளைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி உடனே அதைத் திரும்பத் தொடங்கிவிடும். ஆனால் சிக்னேச்சர்கள் முழுதும் ஏறி முடியும்வரை ஸ்கேனர் பதில் தராது.

அந்த நேரத்தில் வந்த கோப்புகள் என்னவாயின? இரண்டு இடங்களில் நாங்களே கதவைத் திறந்து வைத்திருந்தோம். சி-ஐகேப்பின் வைரஸ் ஸ்கேன் மாட்யூலில், பிழை வந்தால் கோப்பை அனுப்பிவிடு என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தது. ஸ்குவிடில் ஐகேப் சேவைக்கு, ஸ்கேனர் பதில் தராவிட்டால் அதைத் தாண்டிப் போகவிடும் ‘பைபாஸ்’ என்பதை ஆன் செய்திருந்தோம். இயல்பில் அது ஆஃப். பழைய குறிப்புகளைப் புரட்டியபோது காரணம் கிடைத்தது: நிறுவிய முதல் வாரத்தில் ஸ்கேனர் ஒருமுறை நின்று இணையமே போய்விட்டது, அன்றைக்கு அவசரத்துக்குப் போட்டது. தற்காலிகம் என்று பக்கத்தில் எழுதியும் இருந்தது. எழுதியது நான்தான்.

இந்த இரண்டு அமைப்புகளையும் கேட்வே வைத்திருக்கும் எவரும் இன்றைக்கே ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். சிக்னேச்சர்கள் புதிதாக இருக்கின்றனவா என்று தினமும் பார்க்கிறோம். ஸ்கேனர் இறந்த நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை.

மற்றவை: வேகத்துக்காக வீடியோ, படம் என்று தலைப்பில் (பதிலின் முன்னால் வரும் ஹெடர் வரிகளில்) அறிவிக்கும் பதில்களை ஸ்கேனிலிருந்து விலக்கியிருந்தோம். அந்தத் தலைப்பை எழுதுவது அனுப்புகிற சர்வர்தான் என்பதால், ஒரு ஈஎக்ஸ்ஈயைப் படம் என்று சொல்லி அனுப்ப ஒரு வரி போதும். சி-ஐகேப்பிலேயே 50 எம்பி என்று ஒரு வரம்பு தனியாக இருந்தது, அதற்கு மேல் உள்ளவை கிளாம்டி வரை போகவே இல்லை. கூடவே யூடிபி 443 ஃபயர்வாலில் திறந்திருந்தது. பிரவுசர்கள் தளங்களோடு பேசும் புதிய முறையான எச்டிடிபி/3ஐ க்விக் என்ற நெறிமுறையின் மேல்தான் பேசுகின்றன, அது யூடிபி. எங்கள் கேட்வே பார்ப்பது பழைய வழியான டிசிபியை மட்டும். அந்தப் பாதையில் போன எதுவும் எங்கள் லாக்கில்கூட இல்லை.

கடைசியாக ரேஞ்ச் கோரிக்கைகள். பதிவிறக்க மேலாளர்கள் ஒரு கோப்பைப் பல துண்டுகளாகக் கேட்டு, 206 என்ற பதிலோடு தனித்தனியாக வாங்கி, தங்களிடம் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனருக்குத் துண்டுகள்தான் தெரியும். முதல் துண்டில் ஈஎக்ஸ்ஈ என்று காட்டும் ‘எம்ஸெட்’ என்ற அடையாளம் இருக்கும், மற்றவற்றில் அதுவும் இருக்காது. ஜிப்பின் நடுத்துண்டை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஸ்கேனராலும் அதை விரிக்க முடியாது.

என்ன மாற்றினோம்

நினைவகத்தை 4 ஜிபி ஆக்கியதும் கிளாம்டி சாவது நின்றது. ஸ்கேனர் சர்வர் இன்னொன்றும் சேர்த்தோம். அதன் பிறகே ‘பைபாஸ்’ ஆஃப், பிழையில் அனுப்பு என்பதும் ஆஃப். இந்த வரிசை முக்கியம். ஒற்றை ஸ்கேனரை வைத்துக்கொண்டு கதவை மூடினால், அடுத்த முறை அது நிற்கும்போது எல்லோருக்கும் இணையம் போகும், அழுத்தத்தில் யாராவது கதவை மறுபடி திறந்துவிடுவார்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

அலர்ட்எக்ஸீட்ஸ்மேக்ஸை இயக்கினோம். மேக்ஸ்ஃபைல்சைஸை 300 எம்பிக்கும், மேக்ஸ்ஸ்கேன்சைஸை 800க்கும் உயர்த்தினோம், சி-ஐகேப்பின் 50 எம்பி வரம்பையும் 300க்குக் கொண்டுவந்தோம். பதிவிறக்கமே 300 எம்பியைத் தாண்டினால் ஸ்குவிடின் பதில் அளவு வரம்பே அதை நிறுத்திவிடும், நாங்கள் தேர்ந்தெடுத்த சில மென்பொருள் தளங்களுக்கு மட்டும் விலக்கு. வரம்பை உயர்த்தியது உண்மையில் வசதிக்காகத்தான். பாதுகாப்பு வந்தது, வரம்பைத் தாண்டியதைத் தடுத்ததால்.

கடவுச்சொல் போட்ட பொதிகளைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. உள்ளே பார்க்க முடியாதவை என்பதால் அவையும் ‘பார்க்கவில்லை’ வகைதான். கிளாம்ஏவியில் பூட்டிய பொதிகளுக்கும் பூட்டிய ஆவணங்களுக்கும் தனித்தனி அமைப்பு இருக்கிறது. பூட்டிய ஜிப்பைத் தடுத்தோம். பூட்டிய பிடிஎஃப் கணக்குப் பிரிவுக்குத் தினசரித் தேவை என்பதால் அதை விட்டுவிட்டோம். பிடிஎஃப்பிலும் தீங்கு வரலாம்தான், ஆனால் அதைத் தடுத்தால் மக்கள் தங்கள் கைப்பேசியில் இறக்கி வேறு வழியில் கொண்டுவருவார்கள், அது இன்னும் மோசம் என்று முடிவு செய்தோம்.

வகை விலக்கை முழுதாக எடுத்தோம். யூடிபி 443ஐ மூடினோம். பிரவுசர்கள் சத்தமில்லாமல் டிசிபிக்குத் திரும்பிவிட்டன, யாரும் கவனிக்கக்கூட இல்லை. ரேஞ்ச் தலைப்பைக் கோரிக்கைகளிலிருந்து நீக்கினோம், அது யாரும் கவனிக்காமல் போகவில்லை. விண்டோஸ் புதுப்பிப்புகளை இறக்கும் பிட்ஸ் சேவைக்கு ரேஞ்ச் கண்டிப்பாக வேண்டும், மறுநாளே புதுப்பிப்புகள் நின்றன. அந்தத் தளங்களுக்கு மட்டும் ரேஞ்சைத் திருப்பிக் கொடுத்தோம். அந்தக் கோப்புகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, நிறுவும்முன் கணினி அதைச் சரிபார்க்கும்.

பெரிய கோப்புகளில் இன்னொரு தொல்லை. கேட்வே முழுக் கோப்பையும் வாங்கி ஸ்கேன் செய்து முடிக்கும்வரை பயனரின் பிரவுசரில் எதுவும் நகராது, தொங்கிவிட்டது என்று நினைத்து மறுபடி அழுத்துவார்கள், ஸ்கேனருக்கு இரட்டை வேலை. இதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயனருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் வசதியை 2 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளுக்கு வைத்தோம். கடைசியில் வைரஸ் என்று தெரிந்தால் இணைப்பு அறுந்து, பயனரிடம் அரைகுறைக் கோப்பு மட்டும் இருக்கும், தடுப்புப் பக்கத்தைக் காட்ட முடியாது. அந்தக் குறையை ஏற்றுக்கொண்டோம்.

சோதனை

மாற்றியபின் முதலில் செய்தது வழக்கமான ஐகார் சோதனை. 68 எழுத்துகள் கொண்ட, தீங்கில்லாத அந்த வரியை எல்லா ஆன்டிவைரஸும் வைரஸ் என்று அறிவிக்கும். தனியாக, ஜிப்பில், ஜிப்புக்குள் ஜிப்பில் என்று கொடுத்தோம், எல்லாம் தடுக்கப்பட்டன. சங்கடம் என்னவென்றால், பழைய அமைப்பிலும் இதே சோதனையில் நாங்கள் தேறியிருந்தோம்.

ஆகவே நிகழ்வை அப்படியே மறுபடி நடத்திப் பார்க்க நினைத்து, ஐகார் கோப்பின் பின்னால் 200 எம்பி பூஜ்யங்களைச் சேர்த்து அனுப்பினோம். வரம்புக்குள்தான் இருக்கிறது, பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் எல்லா அமைப்பையும் புரட்டிய பிறகுதான் ஐகாரின் வரையறையைப் படித்தோம். அந்த வரி கோப்பின் தொடக்கத்தில் இருக்க வேண்டும், பின்னால் வெற்றிடக் குறிகள் மட்டும் வரலாம், மொத்தம் 128 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. அதை ஊதவைத்தால் அது ஐகாரே இல்லை. இதே தவறை இன்னும் பலர் செய்யக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

அதன் பிறகு நாங்களே ஒரு தனித்துவமான எழுத்துத் தொடரை ஒரு சாதாரணக் கோப்பில் வைத்து, அதற்கு கிளாம்ஏவியில் சொந்தமாக ஒரு சிக்னேச்சர் எழுதினோம். அந்தக் கோப்பை 200 எம்பிக்கு ஊதவைத்தபோது சிக்னேச்சர் பெயருடன் தடுத்தது. 600க்கு ஊதவைத்தபோது வரம்பு தாண்டியது என்று தடுத்தது. படம் என்று பொய்த் தலைப்போடு அனுப்பியதும் பிடிபட்டது. பிறகு கிளாம்டியைக் கையால் நிறுத்தினோம். இரண்டாவது சர்வர் ஏற்றுக்கொண்டது. இரண்டையும் நிறுத்தியபோது ஸ்குவிட் பிழைப் பக்கம் காட்டியது, கோப்பு வரவில்லை. அன்றைக்கு அந்தப் பிழைப் பக்கத்தைப் பார்த்து நாங்கள் பட்ட மகிழ்ச்சியை வெளியே இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம்.

இந்தச் சோதனைகள் இப்போது தினமும் அதிகாலையில் தானாக ஓடுகின்றன, சர்வரை நிறுத்துவது மட்டும் மாதம் ஒருமுறை. சோதனைக் கோப்பு ஒன்று உள்ளே வந்து சேர்ந்துவிட்டால் எங்களுக்கு அழைப்பு வரும்.

லாக்கும் மக்களும்

லாக்கில் இப்போது மூன்று சொற்கள் இருக்கின்றன: சுத்தம், தடுத்தது, பார்க்கவில்லை. மூன்றாவதில் விலக்குப் பட்டியலில் உள்ள தளங்களும் விழும். சில செயலிகள் தங்கள் சர்வரின் சான்றிதழைத் தவிர வேறெதையும் ஏற்காது, அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது. வங்கி, மருத்துவத் தளங்களை நாங்களே பிரிப்பதில்லை, அது ஊழியர்களின் அந்தரங்கம். இவற்றுக்கு எதிரே முன்பு எதுவும் பதிவாகாது. இப்போது ‘பார்க்கவில்லை’ என்று பதிவாகிறது, அந்த எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா என்று பார்க்கிறோம்.

தடுப்புப் பக்கத்தில் முதல் இரண்டு நாள் பெரிய குழப்பம். வரம்பு தாண்டிய பயிற்சிக் கோப்புகளுக்குக்கூட ‘வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது’ என்றே வந்தது, நிறைய பேர் பதறி அழைத்தார்கள். பக்கத்தின் வாசகத்தைத் திருத்தி, பெயரில் லிமிட்ஸ் அல்லது என்கிரிப்டட் என்று இருந்தால் இது வைரஸ் என்று அர்த்தமில்லை, எங்களால் உள்ளே பார்க்க முடியவில்லை, இந்த எண்ணுக்கு அழையுங்கள், பார்த்துத் தருகிறோம் என்று மேலேயே பெரிதாக எழுதினோம்.

ஊழியர்களுக்குப் பழைய சுற்றறிக்கையில் இருந்த ‘எல்லாக் கோப்புகளும் ஸ்கேன் செய்யப்படுகின்றன’ என்ற வரியை நீக்கிவிட்டு, எவை பார்க்கப்படுவதில்லை என்ற பட்டியலை அனுப்பினோம். பத்து நாள் கழித்து முதல் கோரிக்கை கணக்குப் பிரிவிலிருந்து, அதே சக ஊழியரிடமிருந்து வந்தது. தணிக்கையாளர் அனுப்பிய பூட்டிய ஜிப். கடவுச்சொல்லை வாங்கி, தனிக் கணினியில் திறந்து, உள்ளே இருந்த பதினொரு கோப்புகளையும் ஸ்கேன் செய்து, அன்று மதியமே கொடுத்துவிட்டோம்.